அப்பாவின் கதையில் ஓர் ஓட்டை

அப்பா சொல்லும் பழைய கதைகள் எல்லாவற்றிலும் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் நெவியா. அவளுக்கு அப்போது பத்து வயது.

நெவியாவின் அப்பா எத்தோரே, ரொந்தெல்லி சர்க்கஸின் முதலாளி. முதலாளி என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கூடாரம், நான்கு வீட்டு வண்டிகள், ஆறு குதிரைகள், சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு கழுதை. சர்க்கஸ் அவ்வளவுதான். ஆனால் அப்பாவின் மீசையைப் பார்த்தால் அறுபது யானைகளுக்குச் சொந்தக்காரர் மாதிரி இருக்கும்.

மழையால் ஆட்டம் நின்றுபோகும் நாட்கள் நெவியாவுக்கு ரொம்பப் பிடிக்கும். வண்டிக்குள் எல்லோரும் நெருக்கியடித்து உட்காருவார்கள். அம்மா அடுப்பை மூட்டுவாள். அப்பா கதையை ஆரம்பிப்பார். இத்தாலியின் ‘போ’ என்ற ஆற்றில் படகில் போகும்போது குதிரைகளுக்குத் தலைசுற்றிய கதை. போர் முடிந்த வருஷம், டிக்கெட்டுக்குப் பதிலாக ஜனங்கள் முட்டை கொண்டுவந்த கதை. எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது.

“அப்புறம் நான் சாம்பல் குதிரை மேல ஏறி, பத்தடி உயரத்துல நின்னேன் பாரு! கூடாரமே மூச்சு விடல!”

“பத்தடியாப்பா? குதிரை அஞ்சடிதானே இருக்கும்?”

“ஆமா.”

“மிச்சம் அஞ்சடிக்கு எது மேல நின்னீங்க?”

அப்பா தட்டைப் பார்த்தார். “பாஸ்தா ஆறிப்போகுது. சாப்பிடு.”

எல்லாக் கதையும் இப்படித்தான். சரியான இடம் வரும்போது பாஸ்தா ஆறிவிடும்.

ஒருநாள் துணி துவைக்கும்போது அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். “அவர் நின்னது இர்மா அத்தையோட தோள் மேல. அப்பாவுக்கு அக்கா. ஒரு சைக்கிள் கடைக்காரரைக் கட்டிக்கிட்டு ஊரோட தங்கிட்டாங்க. நீ பொறக்கறதுக்கு முந்தின வருஷம்.”

“அதுக்கா இவ்வளவு கோபம்?”

“கோபம் இல்லடி, வருத்தம். அக்கா போயிட்டா அவர் யார் தோள்ல நிப்பாரு?”

அந்தச் சைக்கிள் கடை இருந்த ஊர் காஸ்தெல்பியானோ. வருஷாவருஷம் ஜூன் மாதம் சர்க்கஸ் அங்கேயும் போகும். அப்பா கூடாரத்தை விட்டு ஒரு அடி வெளியே வைக்க மாட்டார். ஆணி வேண்டுமென்றாலும் வேறு யாரையாவதுதான் கடைக்கு அனுப்புவார்.

அந்த வருஷம் அங்கே கடைசி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா கம்பி மேல் நடந்துகொண்டிருந்தாள். எட்டு மாதத் தம்பி துல்லியோவை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெஞ்சுகளுக்குப் பின்னால் நெவியா நின்றாள். அம்மா ஆடும்போதெல்லாம் தம்பி அவள் பொறுப்பு.

கூட்டம் முழுவதும் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தது. கடைசி வரிசையில் பழுப்புச் சட்டை போட்ட ஒரு பெண்மணி மட்டும் கீழே பார்த்தாள். கம்பியை இழுத்துக் கட்டியிருந்த முளையைப் பார்த்தாள்.

நெவியாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஊர்க்காரர்கள் கம்பியில் நடப்பவரைப் பார்ப்பார்கள். சர்க்கஸ்காரர்கள்தான் முளையைப் பார்ப்பார்கள்.

அவள் மெல்ல அருகில் போனாள். “முளையை ஏன் பாக்குறீங்க?”

அந்தப் பெண்மணி திடுக்கிட்டாள். “கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி இருந்துச்சு, கண்ணு.”

“எங்கப்பா காலையிலேயே ரெண்டு தடவை அடிச்சுப் பாத்துட்டாரு.”

“இடது கைக்காரன். எத்தனை தடவை அடிச்சாலும் கோணலாத்தான் அடிப்பான்.”

அப்பாவை ‘அவன்’ என்று சொல்ல சர்க்கஸில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. கழுதைக்குக்கூடக் கிடையாது.

“நீங்க... இர்மா அத்தைதானே?”

அவள் உதட்டில் விரல் வைத்தாள். “சத்தம் போடாதே. வருஷாவருஷம் வந்து பாத்துட்டுப் போறேன். கடைசி ஊர்வலத்துக்கு முன்னாடி எழுந்து போயிடுவேன்.”

“ஊர்வலம்தானே நல்லா இருக்கும்?”

“அதான். அதைப் பாத்தா என் கால் சும்மா இருக்காது.”

“அப்பா கிட்ட வந்து பேசுங்களேன்.”

அத்தை சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. “நான் கிளம்பினப்ப அதோ, அந்தச் சிவப்புத் திரை முன்னாடி நின்னு சொன்னான். ‘போனா போ. ஆனா இந்தத் திரை வழியா மறுபடி உள்ள வராதே’ன்னு. அவன் சொன்ன சொல்லை மாத்த மாட்டான். நானும் போய்க் கெஞ்ச மாட்டேன்.”

‘ரெண்டும் சரியான பிடிவாதம்’ என்று நெவியா நினைத்துக்கொண்டாள். பெரியவர்களிடம் அதைச் சொல்ல முடியுமா?

இடைவேளையில் அப்பாவிடம் ஓடினாள். அவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, முதலாளி ஒரு வார்த்தை சொல்லிட்டா மாத்தவே கூடாதா?”

“கூடாது. வார்த்தை ஆடினா கூடாரமும் ஆடும்.”

“எதைச் சொன்னாரோ, அது மட்டும்தானே?”

“எதை யார் சொன்னா? போய் உடுப்பை மாத்து. உன் ஆட்டம் வருது.”

நெவியா தன் உடுப்பை மாற்றிக்கொண்டாள். பிறகு தம்பியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள்.

“அத்தை, என் ஆட்டம் வந்துடுச்சு. இவனைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க.”

“ஏய், நில்லு! நான் சீக்கிரம் கிளம்பணும்...”

நெவியா நிற்கவில்லை. அத்தை மடியில் துல்லியோ அவளுடைய சட்டைப் பொத்தானை வாயில் போட்டுக்கொண்டு ஆனந்தமாக உட்கார்ந்துவிட்டான்.

நெவியா மட்டக் குதிரை மேல் நின்று நான்கு சுற்று வந்தாள். கழுதை எல்லோரையும் சிரிக்க வைத்தது. கடைசியில் ஊர்வலம் வந்தது.

ரொந்தெல்லி குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஊரை விட்டுக் கிளம்பும் முன், கடைசி ஊர்வலத்தில் குடும்பம் முழுவதும் ஆட்டம் நடக்கும் வட்டத்துக்குள் வர வேண்டும். ஆள் குறைந்தால் அடுத்த ஊரில் மழை கொட்டும் என்பார்கள். பதினோரு வருஷமாக அடுத்த ஊரில் மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஏன் என்று யாரும் வாய் திறந்து கேட்டதில்லை.

அப்பா வட்டத்தின் நடுவில் நின்று தலைகளை எண்ணினார். எண்ணிக்கொண்டிருந்த மீசை பாதியில் நின்றது.

“துல்லியோ எங்க?”

அம்மா பதறிப்போய் நெவியாவைப் பார்த்தாள். நெவியா கையை நீட்டிக் காட்டினாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பழுப்புச் சட்டை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கி வந்தது. வட்டத்தைச் சுற்றியிருந்த பலகை வரை வந்து நின்றது. குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போக அத்தை கைகளை நீட்டினாள்.

அப்பா அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். ஒலித்துக்கொண்டிருந்த அக்கார்டியன் வாத்தியம் நின்றுபோனது.

“குடுக்காதீங்க அத்தை!” என்று நெவியா கத்தினாள். “தூக்கிட்டு உள்ள வாங்க. அப்பா, திரை வழியா வரக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? திரை அந்தப் பக்கம் இருக்கு. இது பெஞ்சுப் பக்கம்!”

ஜனங்கள் இதையும் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அப்பா திரும்பித் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. முதலாளிகள் ஊர் முன்னால் அழக்கூடாது என்பதால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உள்ள வரும்போது... வலது காலை முதல்ல வை.”

“எனக்கே சொல்லித் தர்றியாடா?” என்றாள் இர்மா அத்தை. “உனக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்!”

வலது காலை உள்ளே வைத்தாள். அதற்கப்புறம் அந்தக் கால் சும்மா இருக்கவில்லை. பழுப்புச் சட்டையோடும் குழந்தையோடும் அவள் வட்டத்தைச் சுற்றி வந்த அழகைப் பார்த்து, கூடாரமே எழுந்து நின்றது.

ஆட்டம் முடிந்ததும் வண்டிகளுக்கு நடுவே மேசை போட்டார்கள். சைக்கிள் கடை மாமாவும் ஒரு பெரிய தர்பூசணியோடு வந்து சேர்ந்தார். அப்பா கதையை ஆரம்பித்தார்.

“ஃபெராரா ஊர்ல பட்டாசு வெடிச்சு குதிரை மிரண்டுச்சே, அன்னிக்கு நான்தான் தாவிப் பிடிச்சேன்!”

“நீயா? நீ தண்ணித் தொட்டிக்குள்ள ஒளிஞ்சிருந்தே! அது ஃபெராராவும் இல்லை, மந்தோவா!”

“ஃபெராரா!”

“மந்தோவாடா, மடையா!”

நெவியா வாயில் தர்பூசணியை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரிக்க வேண்டிய கூடாரம் அப்படியே நின்றது. “வேலை கெடக்கு” என்று அம்மா மூன்று தடவை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். நான்காவது தடவை அவளும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மழை, புயல், போர் என்று எது வந்தாலும் சொன்ன நாளில் கிளம்பிவிடும் ரொந்தெல்லி சர்க்கஸ், அந்த ஒரே ஒரு தடவை, அடுத்த ஊருக்கு ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.