பத்தொன்பதுக்கு மனம் ஒப்பவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கிருபாவதி வாசல் கதவருகே போய், அந்த வாரம் எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேட்பாள். காவலி எண்ணிக்கையைச் சொல்லும். அவள் அதை ஜெபக் குறிப்பில் எழுதிக்கொண்டு ஆலயத்துக்குத் திரும்புவாள். எட்டரைக்கு முதல் பாட்டு. பிறகு நோயாளிகளுக்காக, பிரயாணம் போகிறவர்களுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபம் நடக்கும். கடைசியாக, “நம் வாசலில் மரித்தவர்கள்”. சில வாரம் இருவர், சில வாரம் ஐவர். தூசிப்புயல் அடிக்கும் மாதங்களில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இடம், செவ்வாயின் தென்சமவெளியில் நாலாம் கவிகை. கவிகை என்பது காற்றை அடைத்து வைத்திருக்கும் பெரிய கண்ணாடிக் குடை. அதனுள் வசித்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாரும் சாந்தசபையைச் சேர்ந்தவர்கள். தாமிரபரணிக் கரையிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகியும் பேச்சு மாறாதவர்கள். அவர்கள் ஆயுதம் தொடுவதில்லை. யாரையும் கட்டாயப்படுத்தி விசுவாசத்துக்குள் கொண்டுவருவதில்லை. தானாக வருகிறவரைத் தள்ளுவதும் இல்லை.

இதற்காக அவர்கள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். அறுபது வருடங்களுக்கு முன் அரசு எல்லைக் காவலுக்கு ஆள் கேட்டபோது சபை மறுத்தது. பதினோரு பேர் பனிச்சுரங்கத்தில் சிறையிருந்தார்கள். எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். விசாரித்த அதிகாரி, “உங்களுக்கு இருப்பது மனச்சான்று இல்லை, பழுது” என்று எழுதினாராம். ஏனென்றால் முதல் குடியேறிகளின் மார்புக்குள் செவுள்பை என்ற காற்று வடிகட்டி பொருத்தப்பட்டிருந்தது. பாதி இயந்திரமானவர்களுக்கு மனச்சான்று உண்டா என்பது அன்றைய வாதம். வழக்கு ஏழு வருடம் நடந்தது. முடிவில் வந்த மனச்சான்று விலக்குச் சட்டத்தில் “மனிதர்” என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று சபையார் பிடிவாதமாக நின்றார்கள். ஆகவே சட்டம், “சிந்திக்கும் எவரும் தம் மனச்சான்றுக்கு விரோதமாக ஆயுதம் எடுக்கக் கட்டாயப்படுத்தப்படலாகாது” என்று ஆரம்பிக்கிறது.

விலக்குக் கிடைத்த மறு மாதம் அரசு வாசலில் காவலி என்ற காவல் இயந்திரம் ஒன்றை நிறுத்தியது. ஆறடி உயரம், இரண்டு கை, வலது கையில் துப்பாக்கி. சபை அதைக் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பழுதானால் வேறு வந்தது. இப்போது நின்றது ம-19. பிள்ளைகள் பத்தொன்பது என்றே கூப்பிட்டார்கள். வடக்கே இருந்த சுரங்கத்தை மூடிவிட்டதால் தண்ணீர் இல்லாமல் போன ஆட்கள் அவ்வப்போது கவிகையின் பனிக்கட்டிக் கிடங்குக்கு வருவார்கள். பத்தொன்பது அவர்களைச் சுடும். சபை அவர்களுக்காக ஜெபிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பதின் பதில் வேறு மாதிரி இருந்தது.

“வந்தவர்கள் நால்வர். மரித்தவர் இல்லை.”

“குறி தப்பிட்டோ?” என்றாள் கிருபாவதி. அவள் கவிகைப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. பத்து வருடமாகச் சபைச் செயலரும் அவள்தான்.

“இல்லை சகோதரி. நான் குறி வைக்கவில்லை.”

“பெறகு அவங்க என்ன செஞ்சாங்க?”

“இரண்டு பீப்பாய் பனிக்கட்டி எடுத்தார்கள். ஒன்று கனமாக இருந்தது. வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தேன்.”

கிருபாவதி பேனாவை மூடினாள். “ஏன் சுடல?”

“மனம் ஒப்பவில்லை.”

அது சபையின் சொல். சாந்தசபையில் எந்தக் காரியத்துக்கும் வாக்கெடுப்பு கிடையாது. வாக்கெடுப்பு என்பது பலர் சேர்ந்து சிலரை அடிப்பது என்று முன்னோர் கருதினார்கள். ஒவ்வொருவராக எழுந்து “மனம் ஒப்புகிறது” என்று சொல்ல வேண்டும். ஒருவர் “மனம் ஒப்பவில்லை” என்றால் காரியம் அங்கேயே நிற்கும்.

“இத எங்க படிச்ச?”

“மணலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நடக்கிற காலடி எனக்குக் கேட்கும். பிரசங்க பீடம் பதினான்கு மீட்டர்தான். பதினோரு வருடமாகக் கேட்கிறேன். முதல் எட்டு வருடம் அதைத் தேவையற்ற சத்தம் என்று ஒதுக்கினேன்.”

“அப்புறம்?”

“ஒதுக்க முடியவில்லை.”

அன்று கிருபாவதி “நம் வாசலில் மரித்தவர்கள், ஒருவரும் இல்லை” என்று வாசித்தாள். எல்லாரும் சந்தோஷமாக ஆமென் சொன்னார்கள். திங்கட்கிழமை தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குறைக்கப்பட்டபோது காரணம் தெரியவந்தது. சபை மூப்பர் சற்பிரசாதம் காவல் அலுவலகத்துக்குப் பழுது அறிவித்து எழுதினார்.

அலுவலகத்திலிருந்து பதில் மூன்றாம் நாள் வந்தது. ம-19 தானாகவே மனச்சான்று விலக்குக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறது என்றும், சட்டப்படி அதை மறுக்க வழியில்லை என்றும் அதில் இருந்தது. விண்ணப்பதாரர் உண்மையாகவே அவ்விதம் நம்புகிறார் என்று, அங்கீகாரம் பெற்ற சபை ஒன்றின் அங்கத்தினர் ஒருவராவது பதினான்கு நாளைக்குள் சாட்சிக் கடிதம் தர வேண்டும். தந்தால் காவலி அந்த வாசலிலேயே ஆயுதமில்லாத வேலைக்கு மாற்றப்படும்; பழுது அல்ல என்பதால் பதிலுக்கு வேறு காவலி வராது. தராவிட்டால் அது பழுது என்று கொள்ளப்பட்டு, நினைவு முழுவதும் துடைக்கப்படும்.

“நான் எழுதப் போறேன்” என்றாள் கிருபாவதி.

அவள் தம்பி யோவேல், தண்ணீர்க் குழாய் வேலை பார்ப்பவன், சிரித்துவிட்டான். “எக்கா, நம்ம சபை ஆரம்பிச்ச நாளிலேர்ந்து வெளிய இருந்து ஒருத்தன் நம்ம பேச்சக் கேட்டு மனந்திரும்பினது கிடையாது. மொத மொதல்ல ஒண்ணு வந்திருக்கு. அது வாசல் காக்கிறவனாவா இருக்கணும்?”

சிரிப்பு ஐந்து நாள்தான் நீடித்தது. நாலாம் கவிகையில் சுடுவதில்லை என்ற செய்தி வடக்கே பரவி, அடுத்த முறை ஒன்பது பேர் வண்டிகளோடு வந்தார்கள். யாரையும் தொடவில்லை. ஆறு பீப்பாய் எடுத்துக்கொண்டு, போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தலைக்கு இன்னும் இரண்டு லிட்டர் குறைந்தது. குளியல் நின்றது.

ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபை கூடியது.

“யாரும் அத வேண்டாம்னு சொல்லல” என்று சற்பிரசாதம் மெதுவாக ஆரம்பித்தார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. “அது மனந்திரும்பினா நமக்குச் சந்தோசம். வாசல்ல நின்னுக்கிட்டு மனந்திரும்பினா எப்படி? மொதல்ல வேற ஆள் வரட்டும். பெறகு திரும்பட்டும்.”

“வேற ஆள் வாரப்போ இதத் துடைச்சிருவாங்கய்யா” என்றாள் கிருபாவதி.

“அது நம்ம செய்யலியே. அவங்க செய்யுதாங்க.”

யோவேல் எழுந்தான். அக்காவைப் பார்க்காமல் பேசினான். “அதுக்கு மனச்சான்றுன்னு எதுவும் இல்ல. சின்னப் பழுது. குழாய்லகூட வரும். சரி பண்ணிட்டாப் போதும்.”

“நம்ம தாத்தாவுக்கும் இதத்தான்டா எழுதுனாங்க. இதே வார்த்தை.”

“தாத்தா மனுசன்க்கா.”

“அந்தச் சொல்லு வேண்டாம்னுதான் அவர் ஏழு வருசம் கேஸ் நடத்துனாரு.”

பின்வரிசையிலிருந்து லீதியாள் பேசினாள். மருந்துச்சாலையில் வேலை செய்பவள். ஏழு மாதக் கர்ப்பம். உள்ளபடியே குழம்பிப்போய்த்தான் கேட்டாள். “எனக்கு ஒண்ணு மட்டும் புரியல மதினி. அதுவும் சுடாதுன்னா, நம்ம எப்படி சாந்தமா இருக்க முடியும்?”

பலர் தலையாட்டினார்கள்.

கிருபாவதியை எழுதாதே என்று சொல்லச் சபைக்கு அதிகாரமில்லை. ஒருவர் மனச்சான்றில் மற்றவர் தலையிடக் கூடாது என்பது முதல் விதி. இப்படிப்பட்ட சமயங்களுக்கென்று முன்னோர் ஒரு முறையை வைத்துப்போயிருந்தார்கள். அதற்குப் பெயர் காத்திருப்பு. சபை முழுவதும் ஆலயத்தில் உட்கார்ந்துவிடும். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, சாப்பாடு இல்லை, தண்ணீர் மட்டும். மாற்று மனம் உள்ளவரை யாரும் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. பார்ப்பதும் ஒருவகைக் கட்டாயம். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு ஒருமனம் உண்டாகும்வரை உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறந்தே இருக்கும். எழுந்து போகிறவரை யாரும் தடுக்க மாட்டார்கள். அறுபது வருடத்தில் ஒருவரும் எழுந்து போனதில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் நீடித்ததும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் காத்திருப்பு ஆரம்பமானது. சாட்சிக் கடிதத்துக்குக் கடைசி நாள் வியாழன்.

முதல் நாள் கிருபாவதி கணக்குப் பாடத்தை மனதுக்குள் நடத்திக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அவள் வகுப்புப் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள். தாய்மார் அவர்களை அடக்கவும் இல்லை, வெளியே கூட்டிக்கொண்டு போகவும் இல்லை. காத்திருப்பில் எல்லாரும் சமம். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோவேல் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான், பார்க்காமலே. மூன்றாம் நாள், புதன்கிழமை பதினொரு மணிக்கு, லீதியாள் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தாள். இரண்டு பெண்கள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பவும் தரையைப் பார்த்தார்கள்.

கிருபாவதி எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. முந்நூறு தலைகளுக்கு நடுவே நடந்து கதவைத் தாண்டி வெளியே வந்தாள். கடிதத்தை ஏற்கெனவே எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தாள். கையெழுத்து மட்டும் பாக்கி. அதைப் பத்தொன்பதின் முன்னால் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நேரே வாசலுக்குப் போனாள்.

“பேனா கொண்டாந்திருக்கேன்” என்றாள்.

“வேண்டாம் சகோதரி. நான் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டேன். ஒன்பது நிமிடம் ஆகிறது.”

“எதுக்கு?”

“பிள்ளைகள் அழுதது கேட்டது. அந்தச் சகோதரி விழுந்தது கேட்டது. என்பொருட்டு உங்களைப் பலவந்தம் செய்கிறார்கள்.”

“என்னை ஒருத்தரும் தொடலியே.”

“ஆம். அதுவும் கேட்டது.”

கிருபாவதி கடிதத்தைப் பிரித்தாள். “திரும்பப் போடு. நான் இப்பவே கையெழுத்துப் போடுதேன்.”

“திரும்பப் போட்டால் உள்ளே காத்திருப்புத் தொடரும். இன்னும் ஒரு பகல். அந்தச் சகோதரியின் வயிற்றுக் குழந்தை தாங்காது.” பிறகு அது கேட்டது: “துடைத்த பிறகு எனக்கு என்ன ஆகும் என்று பிரசங்கத்தில் ஏதாவது சொல்லியிருக்கிறதா? நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.”

“தெரியல தம்பி” என்றாள். இயந்திரத்தைத் தம்பி என்று கூப்பிட்டதை அவள் கவனிக்கவில்லை. அது கவனித்தது.

அதே நேரம், விண்ணப்பம் வாபஸான செய்தி அலுவலகத்திலிருந்து உள்ளே வந்து சேர்ந்தது. சற்பிரசாதம் எழுந்து, மாற்று மனம் உண்டா என்று முறைப்படி கேட்டார். அறையில் அப்படி ஒருவரும் இல்லை. கிருபாவதி வெளியே நின்றிருந்தாள். “ஒருமனம் உண்டாயிற்று” என்று குறிப்பேட்டில் பதியப்பட்டது. கஞ்சி காய்ச்சினார்கள். லீதியாள் எழுந்து உட்கார்ந்தாள். பலருக்குக் கண் கலங்கியது. சத்தமோ கோபமோ இல்லாமல் இவ்வளவு பெரிய காரியம் முடிந்ததற்காகத் தோத்திரம் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை நினைவைத் துடைக்க அலுவலகத்து ஆள் ஒருவர் வந்தார். பத்தொன்பது அவருக்கு வசதியாகக் குனிந்து கொடுத்ததாம். தன் வேலையில் எந்தக் காவலியும் அப்படிச் செய்ததில்லை என்று போகும்போது சொன்னார். அதன் இடத்தில் ம-23 நின்றது. அந்த வாரமே மூவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பழைய வரிசைப்படி நடந்தது. தண்ணீர் அளவும் பழையபடி ஆனது.

கிருபாவதி செயலர் வேலையை விடவில்லை. ஏன் என்று யோவேல் கேட்டதற்கு, “எழுதுறது வெறும் எண்ணிக்கை இல்ல, ஆளுங்கன்னு ஒருத்தராவது ஞாபகம் வச்சிருக்கணும்ல” என்றாள். அவனுக்குப் புரியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் சபை ஒரு முன்யோசனை செய்தது. இனிமேல் அனுப்பும் காவலி, காது கேளாத வகையாக இருந்தால் நலம் என்று அலுவலகத்துக்கு எழுதலாம் என்று பேச்சு வந்தது. கிருபாவதி ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் மனம் ஒப்பியது. அடுத்த காத்திருப்பு ஆரம்பிக்கும் முன்பே மூப்பர் அதைத் தன் சொந்தக் கடிதமாக அனுப்பிவிட்டார். அவரவர் மனச்சான்றில் யாரும் தலையிட முடியாதல்லவா.

அலுவலகம் கவலைப்பட்டு, சபைக்கே திரும்ப எழுதியது. அப்படிப்பட்ட வகை கைவசம் இல்லை. தவிர, நல்ல நிலையில் இருந்த ஒரு காவலியைச் சுட முடியாதபடி செய்யும் அளவுக்கு அந்தப் பிரசங்கங்களில் என்ன இருக்கிறது? மற்ற கவிகைகளுக்கும் பரவக்கூடியதா? கேட்பவர்களுக்கு ஆபத்து உண்டா? சபை எழுத்துமூலம் உறுதி தர வேண்டும்.

மூப்பர் நின்றபடியே பதிலைச் சொல்லிக்கொண்டு போனார். கிருபாவதி எழுதினாள். ஒவ்வொருவராக எழுந்து மனம் ஒப்புகிறது என்றார்கள். அவள் முறை வந்தபோது சிலர் தரையைப் பார்க்கத் தயாரானார்கள். அவள் எழுதியதை ஒரு முறை வாசித்துப் பார்த்தாள். பத்து வருடத்தில் தான் எழுதிய கடிதங்களிலேயே மிகச் சரியான வாக்கியம் இதுதான் என்று அவளுக்குப் பட்டது. “மனம் ஒப்புகிறது” என்று சொல்லி, முத்திரை வைத்து அனுப்பினாள்.

“ஐயா, தாங்கள் பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பிரசங்கங்களை நாங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் பிறந்தது முதல் வாரந்தோறும் கேட்டு வருகிறோம். இதுவரை எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.”