படிக்காத பதிவு: ஒன்று

மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து மூட்டைக்காரர் அறைக்குத் திரும்பினார். கிடங்கில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் சிமெண்ட் மூட்டை சுமந்த முதுகில் அந்தப் பேரும் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் மாடி ஏறுவதற்குள் முழங்கால்கள் முனகின. பூட்டைத் திறந்ததும் அடைத்துக் கிடந்த வெக்கை முகத்தில் அடித்தது. அதற்குள்ளே தையல் மிஷின் எண்ணெய் வாசனை. மனைவி போய்ப் பத்து மாதம் ஆகியும் அந்த வாசனை மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை.

அவள் தையல்காரி. வேலை போக மிச்ச நேரமெல்லாம் மேசை மேலிருந்த பழைய லேப்டாப்பில்தான் கிடப்பாள். தையல்காரர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்று. அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. இவள் நூல்கண்டு. மன்றத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் பொத்தான். பக்கத்தின் உச்சியில் 'படிக்காத பதிவுகள்' என்று ஓர் எண் நிற்கும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் அவள் படுத்ததில்லை. ஒன்று படித்துக் காட்டட்டுமா என்று கேட்பாள். உடம்பு வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அப்போது அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அவள் போன பிறகுதான் கற்றுக்கொண்டார். அதற்கும் காரணம் இருந்தது. ஒரு வருடம் யாரும் உள்ளே வராத கணக்கை, அதில் எழுதியதோடு சேர்த்து மன்றம் துடைத்துவிடும் என்று கிடங்குக்கு வரும் லாரி டிரைவர் ஒருவன் படித்துச் சொன்னான். அவள் எழுதியது ஆயிரத்து நானூறு பதிவு. அதில் ஒன்றைக்கூட இவர் பார்த்ததில்லை. தொழிலாளர் சங்கத்து மாலை வகுப்பில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உடம்பை மடக்கி உட்கார்ந்தார். "என்னண்ணே, மந்திரி வேலைக்கு மனு போடப் போறீங்களா?" என்று அதே டிரைவர் கிண்டலடித்தான். சிரித்துவைத்தார்.

எழுத்துக்கூட்ட வந்ததும் அவள் பேரிலேயே உள்ளே போனார். கடவுச்சொல்லை அவளே எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்தாள். 'கடைசி வருகை' என்ற வரியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன தேதி இருந்தது. காலை 11.40. விரல் வைத்து நாலு தடவை படித்தார்.

மறுநாள் போனால் அந்த வரியில் இவர் வந்துபோன நேரம் இருந்தது. உள்ளே வந்தால் பழைய நேரம் அழியும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அவள் விட்டுப்போன கடைசித் தடத்தைத் தன் காலாலேயே மிதித்து அழித்தாயிற்று. அன்றைக்கு ஒவ்வொரு மூட்டையும் இரண்டு மூட்டையாகக் கனத்தது.

பொத்தானுக்கு மட்டும் இரண்டு வரியில் சேதி எழுதினார். அவள் 'நூல்கண்டு அக்கா மறைந்தார்' என்று ஒரு பதிவு போட்டாள். திறக்காத பதிவின் தலைப்பு தடித்த எழுத்தில் நிற்கும். அதைத் திறக்க இவருக்குக் கை வரவில்லை. அவளைப் போலவே முதலில் பாக்கியைப் பூஜ்யமாக்கலாம் என்று மற்றதை ஒரு நாளைக்குப் பத்தாகப் படித்துவந்தார். நேற்று நிறுத்தும்போது பாக்கி இரண்டாயிரத்து நூற்றிப் பன்னிரண்டு.

இன்று திறந்தால் நானூற்றிச் சொச்சம்.

கடைசி வருகை: இன்று, காலை 11.40.

பதினொன்று நாற்பதுக்கு அவர் லாரிக்குப் பக்கத்தில் தலையில் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அறைச் சாவி இடுப்பில் இருந்தது.

யாரோ கடவுச்சொல்லைத் திருடிவிட்டார்கள் என்று பொத்தானுக்கு எழுதினார். அவள் பார்த்துவிட்டுப் பதில் போட்டாள்: வருவதெல்லாம் உங்கள் வீட்டு லேப்டாப்பிலிருந்துதான் அண்ணா, நீங்கள்தானே?

மறுநாள் படியேறும்போது கீழ்வீட்டு சைக்கிள் கடைக்காரர் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"பகல்ல யாரை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறீங்க?"

"யாருமில்லையே."

"நாற்காலி இழுக்கிற சத்தம் கேக்குது. நேத்தும், இன்னிக்கும்." கடைக்காரரின் குரல் இன்னும் தணிந்தது. "உங்க வீட்டம்மா இழுக்கிற மாதிரியே."

அன்று படிக்காத பதிவு ஒன்றே ஒன்று.

பொத்தான் போட்டதுதான். அதற்கடுத்த நாளும் ஒன்று. புதிதாக வருகிறவை எல்லாம் அவர் வருவதற்குள் மெலிந்த எழுத்துக்கு மாறியிருந்தன. அது மட்டும் தடித்தே நின்றது.

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. மறைத்ததே இவர்தான். டாக்டர் இவரிடம் மட்டும்தான் நோயின் பேரைச் சொன்னார். சரியாகிவிடும், சரியாகிவிடும் என்றே இவர் அவளிடம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை நம்பியே கண்ணை மூடினாள். இறந்துவிட்டாய் என்று இப்போதும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பதிவைத் திறந்தால் தெரிந்துகொள்வாள். தெரிந்துகொண்டால் போய்விடுவாள். பொத்தானிடம் சொல்லி அதை எடுத்துவிட்டால் அவள் இப்படியே வந்துகொண்டிருப்பாள்.

எடுக்கச் சொல்லலாம் என்றுதான் இருந்தார். ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஜன்னலில் நல்ல வெயில். தெருவில் பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தது.

எண்ணெய் வாசனை கனத்தது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

இருண்டு கிடந்த திரை விழித்துக்கொண்டது. யாரும் தொடாமல் அம்புக்குறி மேலிருந்து கீழே வந்தது. அந்தத் தலைப்பின் மேல் நின்றது. விலகிப் போனது. திரும்பி வந்து மறுபடி நின்றது. இருட்டான படியில் காலை வைக்கலாமா வேண்டாமா என்று தடவுகிறவள் மாதிரி அது நடுங்கிக்கொண்டிருந்தது.

தினமும் இப்படித்தானா? தனியாகவா?

"இரும்மா," என்றார். "நான் படிக்கிறேன்."

எழுந்து, பக்கத்தில் நின்று, தானே அதைத் திறந்தார். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுக் கூட்டினார்.

"நம்... நூல்கண்டு அக்கா... பத்து மாதத்துக்கு முன்பு... நோயில்... இறந்து... விட்டார்."

கீழே நாற்பத்திரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எதையும் விடாமல் எல்லாவற்றையும் படித்தார். சட்டைக் கழுத்து வெட்டக் கற்றுக்கொடுத்தீர்களே அக்கா என்று ஒருத்தி. கடன்காரன் மாதிரி என் எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கிப் போனேன் என்று ஒருவன். முடிக்கும்போது வெயில் ஜன்னலை விட்டுப் போயிருந்தது.

"எனக்குத் தெரியும்மா, அப்பவே. சொல்ற தைரியம் இல்ல. என்னை மன்னிச்சிடு."

வாசனை மெல்ல இளகியது. திரை அணைந்தது.

மறுநாள் கடைசி வருகை அவருடையதுதான். அதற்கு மறுநாளும். படிக்காதவை பதினாலு, முப்பத்தேழு, ஐம்பது என்று ஏறின. சத்தமே இல்லை, பகல்ல நல்லாத் தூங்கினேன் என்று கடைக்காரர் சந்தோஷமாகச் சொன்னார். மூட்டைக்காரர் தலையாட்டிவிட்டு மேலே வந்து வெகுநேரம் பாயில் குப்புறக் கிடந்தார். தானே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

ஒன்பதாம் நாள், வழக்கம்போல் அவள் பேரில் உள்ளே போய், மற்றவர்கள் எழுதியதை விட்டுவிட்டு அவள் எழுதியவற்றைத் தேடினார். முதல் பதிவு ஒன்பது வருடம் பழையது. வாய்விட்டுக் கூட்டினார்.

'வணக்கம். நான் புதுசு. என் வீட்டுக்காரர் சட்டையைத் தைத்தால் மட்டும் ஊசி உடைகிறது. சிமெண்ட் ஏறிச் சட்டை சுவராகிவிட்டது. ஊசியை மாற்றவா, வீட்டுக்காரரை மாற்றவா?'

சிரிப்பு வந்துவிட்டது. பத்து மாதத்தில் முதல் நிஜச் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தின் அடிக்கு வந்தார். எந்தப் பக்கத்தை யார் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அங்கே ஒரு பொடி எழுத்து வரி இருக்கும். அதையும் விடாமல் விரல் வைத்தார்.

'இப்போது இதைப் படிப்பவர்கள்: நூல்கண்டு, நூல்கண்டு.'