ஜீப் இரண்டு, கேட்கிறதா? ஓவர்!

“என் வண்டியிலயா ஓட்டை போடப் போறீங்க? வேணாம் பாய், வேணாம்!”

டிரைவர் மாதையன் ஜீப்பின் பின்பக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தருமபுரியில் ரேடியோ கடை வைத்திருக்கும் நூர் பாஷா, கையில் டிரில்லிங் மெஷினோடு சிரித்தார்.

“ஒரே ஒரு சின்ன ஓட்டைதாங்க. ஏரியல் கம்பி நிக்க வேணாமா? அது இல்லாட்டி வயர்லெஸ் ஊமையாயிடும்.”

மாதையன் கண்ணை மூடிக்கொண்டார். டர்ர்ர்ர்! ஓட்டை விழுந்தது.

“வலிச்சுதா மாதையண்ணே?” என்று கேட்டாள் வஹிதா. நூர் பாஷாவின் மகள். ஐந்தாம் வகுப்பு. கையில் உப்புத்தாளோடு தயாராக நின்றவள், ஓட்டையைச் சுற்றியிருந்த பெயிண்டைப் பரபரவென்று தேய்த்தாள். இரும்பும் இரும்பும் ஒட்டினால்தான் குரல் தெளிவாகக் கேட்கும் என்று அத்தா சொல்லியிருக்கிறார்.

அது 1986ஆம் வருடம். சித்தேரி மலைப்பக்கம் போனே கிடையாது. அதனால் வனத்துறையின் இரண்டு ஜீப்புகளுக்கும், அரூர் அலுவலகத்துக்கும் புதிதாக வயர்லெஸ் வைக்கிறார்கள்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டி. அதிலிருந்து சுருள் சுருளான வயர். வயரின் முனையில் கைக்கு அடக்கமான மைக்.

“பட்டனை அழுத்தினா பேசணும். விட்டா கேக்கணும்” என்று மாதையனுக்கு விளக்கினார் நூர் பாஷா. “ஒருத்தர் அழுத்திக்கிட்டே இருந்தா அவருக்கு எதுவும் கேக்காது. பேசி முடிச்சதும் ‘ஓவர்’னு சொல்லிட்டு விட்டுடணும்.”

மாதையன் மைக்கைச் சூடான வடையைப் பிடிப்பது போலப் பிடித்தார். “வணக்கமுங்க! நான் மாதையன் பேசறேனுங்க! எல்லாரும் சௌக்கியங்களா? ஓவருங்க!”

தெருமுனையில் நின்ற முதல் ஜீப்பிலிருந்து வஹிதா பதில் சொன்னாள். “சௌக்கியங்க! ஓவருங்க!”

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

சனிக்கிழமை மலையில் சோதனை ஓட்டம். எந்த இடத்தில் குரல் தெளிவாக வருகிறது, எந்த இடத்தில் கரகரக்கிறது என்று எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும். “என் பொண்ணு கையெழுத்து முத்து முத்தா இருக்குமுங்க” என்று நூர் பாஷா சொல்ல, ரேஞ்சர் சென்னப்பன் உடனே சம்மதித்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி வஹிதாவுக்குத் தூக்கமே வரவில்லை.

முதல் ஜீப் காலையிலேயே மலை ஏறியது. டிரைவர் குப்புராஜ் ஓட்ட, பக்கத்தில் ரேஞ்சர். பின்னால் வஹிதாவும் அத்தாவும். மாதையன் அடிவாரத்தில் இரண்டாவது ஜீப்போடு காத்திருந்தார். மேலே வனக்காவலர்கள் தங்கும் கொட்டகைக்கு அரிசி, பருப்பு மூட்டைகளை அவர் கொண்டுவர வேண்டும்.

முந்தின நாள் பெய்த மழையில் பாதை முழுக்கச் சேறு. ஜீப் குலுங்கிய குலுங்கலில் வஹிதாவின் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆனது. ‘மூன்றாவது வளைவு: தெளிவு. ஐந்தாவது வளைவு: கொஞ்சம் கரகர.’

ஏழாவது வளைவை நெருங்கும்போது மேலேயிருந்து விடாமல் ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. பாம்ம்ம்ம்ம்! குப்புராஜ் சட்டென்று ஜீப்பை ஓரங்கட்டினார். அந்த இடத்தில் பாதை சற்று அகலம். மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று ஆடி அசைந்து இறங்கிப் போனது.

“எதுக்குங்க அவ்வளவு நேரம் ஹாரன் அடிக்கறாங்க?” என்று கேட்டாள் வஹிதா.

“பாரம் ஏத்துன வண்டி பாப்பா. இறக்கத்துல நினைச்ச இடத்துல நிக்காது. அந்தச் சத்தம் கேட்டா நாமதான் ஒதுங்கிக்கணும்” என்றார் குப்புராஜ்.

எட்டாவது வளைவைத் தாண்டி ஜீப்பை நிறுத்தினார்கள். ரேஞ்சர் மைக்கை எடுத்தார்.

“ஜீப் இரண்டு, நீ இப்ப கிளம்பி வரலாம். ஓவர்.”

“கிளம்பிட்டேனுங்க! ஓவருங்க!”

‘எட்டாவது வளைவு: மிகவும் தெளிவு’ என்று எழுதி முடித்தாள் வஹிதா. எல்லாரும் இறங்கி, அத்தா கொண்டுவந்த டீயைக் குடித்தார்கள். மலையெல்லாம் வெள்ளை மூட்டம். எதிரில் இருக்கும் மரம்கூடப் பாதிதான் தெரிந்தது.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் சடசடவென்று. அப்புறம் தடதடவென்று. தரையே அதிர்ந்தது.

எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவர்கள் வந்த பாதை அங்கே இல்லை! எட்டாவது வளைவை ஒட்டி மண் சரிந்து, பாதையின் நடுவில் பெரிய பள்ளம். அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

“மாதையன் வந்துக்கிட்டிருக்கானே!” ரேஞ்சர் ஜீப்புக்குப் பாய்ந்தார். “ஜீப் இரண்டு! ஜீப் இரண்டு! அங்கேயே நில்லு! ஓவர்!”

பட்டனை விட்டதும் பெட்டியிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது.

“தன்னன்னா தானே... தன தானே... மூணாவது வளைவு வந்தாச்சு... தன்னன்னா...”

“மாதையா! நில்லுய்யா!”

“தானே... தன தானே...”

நூர் பாஷாவின் முகம் வெளுத்துவிட்டது. “சார், அவர் மைக் மேல ஏதோ அழுந்திக்கிட்டிருக்கு. அரிசி மூட்டையா இருக்கும். அவர் பேசறது நமக்குக் கேக்கும். நாம பேசறது அவருக்குக் கேக்காது!”

“நான் ஓடறேங்க” என்றார் குப்புராஜ். “மேல புதர் வழியா சுத்தி அந்தப் பக்கம் இறங்கணும். கால் மணி நேரமாவது ஆகும்.” சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார்.

“கால் மணி நேரமா? அஞ்சு நிமிஷத்துல இங்க இருப்பானே!” ரேஞ்சர் தலையில் கை வைத்தார்.

“நாலாவது வளைவு... தன்னன்னா...” பாடியது பெட்டி.

வஹிதா முன்சீட்டில் ஏறி, ஹாரனை ஒரு தடவை அழுத்தினாள். பாம்!

“என்னம்மா பண்றே?”

“உஷ்! கேளுங்க அத்தா!”

இன்னொரு தடவை அழுத்தினாள். பாம்! அதே சமயம் பெட்டிக்குள்ளிருந்தும் மெல்லிசாக ஒரு ‘பாம்’ வந்தது.

“நம்ம ஹாரன் அவர் மைக் வழியா திரும்ப வருது! அப்படின்னா அவருக்கும் கேக்குதுன்னு அர்த்தம்!”

நூர் பாஷாவின் கண்கள் விரிந்தன. பாதை சுற்றிச் சுற்றி வந்தாலும், கீழ் வளைவுகள் எல்லாம் அவர்களுக்கு நேர் அடியில்தான் இருந்தன.

பெட்டியில் மாதையன் பதிலுக்கு ஹாரன் அடித்தார். “வா ராசா, வா. நானும் வந்துக்கிட்டுதான் இருக்கேன். அஞ்சாவது வளைவு...”

“பிரயோசனமில்ல” என்றார் ரேஞ்சர். “எல்லாரும் வளைவுல அடிக்கிற ஹாரன்னு நினைச்சுக்கிட்டான். நிக்க மாட்டான்.”

வஹிதா ஒரு நொடி யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் ஹாரன் மேல் வைத்து, முழுப் பலத்தோடு அழுத்தினாள்.

பாம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்!

“மூங்கில் லாரி மாதிரி சார்!” அவள் சத்தத்துக்கு மேல் கத்தினாள். “நாம ஒதுங்குனோமில்ல? அவரும் ஒதுங்குவாரு!”

“இஞ்சினைப் போட்டு விடறேன்! பேட்டரி இறங்கிடக் கூடாது!” நூர் பாஷா சாவியைத் திருகினார். ரேஞ்சர் பெட்டியில் காதை ஒட்டிவைத்தார்.

“ஆறாவது வளைவு... தன்னன்... எவன்டா அவன், ஹாரன் மேலயே படுத்துத் தூங்கிட்டானா?”

பாம்ம்ம்ம்ம்ம்ம்ம்!

“ஐயய்யோ, பார வண்டி! பிரேக்கு புடிக்கலையோ என்னவோ! மாதையா, ஒதுங்குடா ஒதுங்கு! ஏழாவது வளைவுல ஒதுங்கிக்க!”

கிறீச்! பிரேக் சத்தம். இஞ்சின் அடங்கியது.

“நின்னுட்டான்! நின்னுட்டான்!” ரேஞ்சர் சின்னப் பையன் மாதிரி குதித்தார். “நிறுத்திடாத பாப்பா! சத்தம் நின்னா லாரி போயிடுச்சுன்னு கிளம்பிடுவான்!”

வஹிதாவுக்குக் கை வலித்தது. அத்தா ஒரு கையை மேலே வைத்தார். ரேஞ்சரும் ஒரு கை கொடுத்தார். மூன்று பேரும் சேர்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

லாரி வரும் வரும் என்று காத்திருந்த மாதையன், சும்மா இருக்க முடியாமல் தனக்குத்தானே பேச ஆரம்பித்தார்.

“அய்யா, கும்புடறேனுங்க. எனக்கு நாலு நாள் லீவு வேணுமுங்க. பொண்ணுக்குக் காது குத்துங்க... சே, இப்படிக் கேட்டா குடுக்க மாட்டாரு. மூஞ்சியை வேற உர்ருனு வெச்சுக்குவாரு. அய்யா, உங்க தங்கமான மனசுக்கு...”

வஹிதா ரேஞ்சரின் முகத்தைப் பார்த்தாள். அவர் உர்ரென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துவிட்டார்.

கடைசியில் பெட்டியில் இன்னொரு குரல் கேட்டது. மூச்சு வாங்கும் குரல்.

“மாதையா! போவாத! முன்னால ரோடு இல்ல!”

“ரோடு இல்லியா? காலையில நீங்க போறப்ப இருந்துச்சே!”

“எட்டாவது வளைவு சரிஞ்சு போச்சுய்யா! முதல்ல அந்த மூட்டையை எடு. மைக் மேல உக்காந்திருக்கு பாரு!”

டக்! பெட்டி அமைதியானது. வஹிதா ஹாரனிலிருந்து கையை எடுத்தாள். காடே அமைதியானது. உள்ளங்கை செக்கச்செவேலென்று இருந்தது.

பிறகு தயக்கமாக ஒரு குரல். “அய்யா... நான் பேசுனது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா? ஓவருங்க.”

ரேஞ்சர் மைக்கை எடுத்தார். “மூணாவது வளைவுலேர்ந்து கேட்டுச்சு. நாலு நாள் லீவு குடுத்தாச்சு. ஓவர்.”

அந்தப் பக்கம் குப்புராஜ் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

திடீரென்று வஹிதா நிமிர்ந்தாள். “சார், இந்த வழியா வேற வண்டி எதுவும் வருமா?”

ரேஞ்சர் சிரிப்பை நிறுத்தினார். “பன்னெண்டு மணிக்கு அரூர்லேர்ந்து சந்தை லாரி கிளம்பும். நாப்பது அம்பது பேர் ஏறியிருப்பாங்க.” கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.” மைக்கை அவளிடம் நீட்டினார். “இதை நீயே சொல்லு பாப்பா.”

வஹிதா பட்டனை அழுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அரூர் ஆபீஸ், அரூர் ஆபீஸ்! ஜீப் ஒண்ணு பேசுது. சித்தேரி பாதையில எட்டாவது வளைவு சரிஞ்சிடுச்சுங்க. சந்தை லாரியை நிறுத்துங்க. ஒரு வண்டியும் மேல வரக் கூடாது. நாங்க எல்லாரும் பத்திரமா இருக்கோம். ஓவர்!”

கரகரவென்று ஓர் இரைச்சல். அப்புறம் தூரத்திலிருந்து, அரூரிலிருந்து, கணீரென்று குரல் வந்தது.

“செய்தி கிடைத்தது. லாரி இங்கேதான் நிற்கிறது. நிறுத்திவிடுகிறோம். தகவல் கொடுத்தது யார்? பெயர், பதவி சொல்லவும். ஓவர்.”

வஹிதா அத்தாவைப் பார்த்தாள். ரேஞ்சரைப் பார்த்தாள். இருவரும் ‘சொல்லு, சொல்லு’ என்று தலையாட்டினார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள்.

“வஹிதாங்க. அஞ்சாம் வகுப்பு, பி பிரிவு. ஓவர்!”