டைனோசர் ஜாக்கெட்டின் குறைகள்

மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் தும்மக்கூட முடியாது. நானாய் லைவில் இருப்பார்.

நானாய் என்றால் என் அம்மா. பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு துணி மாட்டும் கம்பி ஸ்டாண்டு ஒன்று, வட்ட விளக்கு ஒன்று, போன் இரண்டு. நானாய் பழைய துணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். முந்நூறு பேர் போனில் பார்ப்பார்கள். யார் முதலில் 'மைன்', அதாவது 'என்னுது', என்று தட்டுகிறாரோ அவருக்குத்தான் துணி. அரை நொடி பிந்தினாலும் கிடையாது. முதலில் தட்டியது யார் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. எனக்குக் காலைப் பள்ளி. தம்பி புபோய்க்கு மதியப் பள்ளி.

அன்று மூன்றாவது நாளாக மழை.

"இதப் பாருங்க கண்ணுகளா. பச்சை டைனோசர். முதுகெல்லாம் முள்ளு, தலையில கொம்பு. குறை ஒண்ணும் இல்ல. எண்பது பேசோ" என்றார் நானாய். மின்னல் வேகத்தில் மைன்கள் வந்து விழுந்தன. "லின், யாரு முதல்ல?"

"குலோட்டோட அம்மா" என்று திரையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். அப்போதுதான் அந்த ஜாக்கெட்டைச் சரியாகப் பார்த்தேன்.

லைவ் முடிந்ததும் சொன்னேன். "நானாய், அது நம்ம புபோயோட ஜாக்கெட்டு."

நானாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத யாரு ஸ்டாண்டுல மாட்டுனது?"

"நான்தான். ஃபேன் காத்துல காயட்டும்னு."

அந்த ஜாக்கெட் இல்லாமல் புபோய் தூங்க மாட்டான். போன மாதம் அதைத் துவைத்த அன்று அவன் போட்ட கூச்சலில், எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று கையில் குடையோடு ஓடி வந்தார்.

"கான்சல் பண்ணிடலாம் நானாய்."

"மைன்னா மைன்தான். போன வருஷம் ஒரே ஒரு பாவாடைய கான்சல் பண்ணினேன். என் போட்டோவப் போட்டு ஏமாத்துக்காரின்னு எழுதினாங்களே, மறந்துட்டியா? பாதிப் பேரு ஓடிட்டாங்க." நானாய் குடையை எடுத்தார். "புபோய ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வர்றேன். அஞ்சு மணிக்குப் பார்சல்காரர் வருவாரு. மடிச்சு வை."

நான் உட்கார்ந்தேன். எழுந்தேன். ஜாக்கெட்டை எடுத்தேன், மறுபடி மாட்டினேன். கடைசியில் குலோட்டின் அம்மாவுக்கு, அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி தீத்தா என்று கூப்பிட்டு எழுதினேன். "தீத்தா, அது என் தம்பியோடது. தெரியாம வித்துட்டோம். திருப்பித் தர முடியுமா?"

உடனே பதில் வந்தது. "மைன்னா மைன்தான் கண்ணு. என் பையன் படத்தப் பார்த்துட்டு இப்பவே வாசல்ல போய் நிக்கிறான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லைவ் பொத்தானை நானே அழுத்திவிட்டேன்.

நடந்ததைச் சொன்னேன். பொய் எதுவும் சொல்லவில்லை. 'என் குட்டித் தம்பி' என்ற இடத்தில் மட்டும் குரலைக் கொஞ்சம் இழுத்தேன். அவ்வளவுதான், கூட்டம் சேர்ந்துவிட்டது.

"பாவம் அந்தப் பையன்."

"அந்தப் பொம்பளைக்கு மனசே இல்லையா?"

நானாயின் பழைய வாடிக்கைக்காரர் தீத்தா பேபாங் எழுதினார். "கல்நெஞ்சக்காரி. சின்னப் பிள்ளை துணியப் பிடுங்குறா."

படிக்கப் படிக்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அப்போது ஒருவர் குலோட்டின் அம்மா எந்தத் தெரு என்று எழுதினார். இன்னொருவர் குலோட்டின் படத்தையே போட்டுவிட்டார். சுருட்டை முடி, முன்பல் இரண்டும் இல்லை. அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

பாவாடை விஷயத்தில் எல்லாரும் திட்டிய அன்று நானாய் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடாமலே இருந்தார். அதேபோல இன்று ஒருவரை உட்கார வைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"போதும், நிறுத்துங்க" என்றேன். "அந்தத் தீத்தா மேல தப்பு இல்ல. முதல்ல தட்டுனாங்க, அவ்வளவுதான். ஸ்டாண்டுல மாட்டுனது நான். அந்தப் படத்த எடுங்க. இல்லன்னா உங்கள இங்கேருந்து எடுத்துடுவேன்."

யாரும் கேட்கவில்லை. படத்தை நீக்கினேன். திட்டியவர்களையும் ஒவ்வொருவராக வெளியே தள்ளினேன்.

"என்னையுமா?" என்று கேட்டார் தீத்தா பேபாங். "நாலு வருஷமா உங்கம்மாகிட்ட வாங்குறேன்."

"மன்னிச்சுக்குங்க தீத்தா" என்று சொல்லி அவரையும் தள்ளினேன். நானாய் என் தோலை உரித்துவிடுவார்.

"குலோட் அம்மா, ஜாக்கெட் உங்களுக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டு அதை மடிக்க ஆரம்பித்தேன். முதுகில் ஒரு முள் குறைந்தது. என்றைக்கோ பிய்ந்து போனது. அதைப் பார்த்ததும் கை நின்றது. குறை இருந்தால் விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். அதுவும் எங்கள் லைவில் சட்டம்தான்.

"தீத்தா, ஒரு நிமிஷம். குறையே இல்லன்னு சொல்லி வித்துட்டோம், ஆனா இருக்கு. கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. வாங்கினாலும் சரி, விட்டாலும் சரி, யாரும் உங்கள ஒண்ணும் சொல்லக்கூடாது." ஜாக்கெட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்தேன். "முதுகுல ஒரு முள்ளு இல்ல. ஜிப்பு பாதியில நின்னுடும். உள்பக்கம் மார்க்கர்ல பேரு எழுதியிருக்கு, போகாது."

கதவு திறந்தது. நானாயும் புபோயும் நனைந்த செருப்போடு நின்றார்கள்.

"என் ஜாக்கெட்ட எதுக்கு ஆத்தே எல்லாருக்கும் காட்டுற?" என்றான் புபோய். அவன் என்னை அக்கா என்று கூப்பிடுவது அப்படித்தான்.

"அதுல என்னென்ன குறை இருக்குன்னு சொல்லிட்டிருக்கேன்."

அவனுக்குக் குஷி வந்துவிட்டது. கேமராவுக்கு முன்னால் வந்து நின்றான். "இந்தக் கையிலதான் மூக்கத் தொடைப்பேன். எப்பவும் இந்தக் கைதான். இந்தப் பையில நத்தை வெச்சிருந்தேன்."

"என்ன நத்தை?" என்றார் நானாய்.

அவன் பையை வெளியே இழுத்தான். ஓடு ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

குலோட்டின் அம்மா எழுதினார். "பாஸ். எனக்கு வேண்டாம். திட்டு வாங்கினப்ப விட மனசு வரல. இப்ப விட்டுட்டேன். அடுத்த டைனோசர் வந்தா முதல்ல குலோட்டுக்குக் காட்டு."

ஒருவர் பாஸ் சொன்னால் பொருள் மறுபடி பொதுவுக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் தட்டலாம். திரையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் கண்ணிமைக்கும் முன் மைன் தட்டுகிறவர்கள்.

ஒரு நொடி போனது. இரண்டு, மூன்று. ஒருவரும் தட்டவில்லை.

"புபோய், மைன்னு சொல்லுடா" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா சொல்லு."

"மைன்" என்றான் அவன், ஒரு கையை ஏற்கெனவே ஜாக்கெட்டுக்குள் நுழைத்தபடி.

வழக்கம்போல, வாங்கியவர் பெயரை ஒட்டுத்தாளில் எழுதி அவன் நெஞ்சில் ஒட்டினார் நானாய்.