ஐந்தாவது துண்டு

மூன்றாவதாக வந்த கார்டில் தபால் முத்திரை இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வந்த தம்பி மீரான், தொப்பியைக்கூடக் கழற்றாமல் அதை அவள் மடியில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டான். 'உங்கள் பெயர் இப்போது இரண்டாவதாக உள்ளது.' ஒரே ஒரு வரி. சலீமா பீவி அதை நாலு தரம் படித்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா என்று கார்டைத் திருப்பியபோதுதான், அச்சடித்த ஸ்டாம்பின் மேல் கறுப்பு வட்டம் எதுவும் விழாமல் பளிச்சென்று இருப்பதைக் கண்டாள். தபாலாபீசில் குத்த மறந்திருப்பார்கள். கடலூர் முதுநகரில் மறதிக்கா பஞ்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் மச்சில் துணி கிழிபட்டது.

அவசரமில்லாமல், ஓரத்தில் நறுக்கி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் வருமே, அப்படி டர்ரென்று நீளமாக ஒரு சத்தம் உத்தரத்துக்கு மேலே ஒரு சுவரில் தொடங்கி மறு சுவர்வரை போய் நின்றது. கூடவே, உம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய அன்றைக்கு வந்ததுபோல, இலந்தை இலை கொதிக்கும் வாசனையும் கற்பூர வாசனையும் மரப்படி வழியாக இறங்கி வந்தன. மீரானின் பெண்டாட்டி சுல்தானா, ஏழு மாத வயிற்றோடு எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சுல்தானா, மேல யாரு இருக்கா?"

"யாருமில்லையே மச்சி. மச்சு சாவி உங்க இடுப்புலதான இருக்கு?"

இடுப்பில்தான் இருந்தது. அந்த அறையில் ஒரே ஒரு டிரங்குப்பெட்டி. அதற்குள் உம்மா ஹஜ்ஜிலிருந்து ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்த, இறந்தவர்களுக்கு உடுத்தும் கபன் துணி. உம்மாவுக்கு உடுத்தியது போக மிச்சம், சலீமாவுக்கென்று மடித்து வைத்தது. முதல் கார்டு வந்த வெள்ளிக்கிழமையும் இதே சத்தம் ஒரு தரம் கேட்டது. இரண்டாவது கார்டுக்கும் ஒரு தரம். பக்கத்து வீட்டில் பிள்ளைத்துணி கிழிக்கிறார்கள் என்று விட்டிருந்தாள். இன்றைக்கோடு மூன்று. கபனில் ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கை நினைத்ததற்காக அஸ்தஃபிருல்லா சொல்லி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது எண்பத்தெட்டாம் வருஷ ஐப்பசி மழையில்தான் தெரிந்தது. சிதம்பரத்து டாக்டர் அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ஒரு நாள் முழுக்கப் போன சிறுநீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். அவளுக்கும் மீரானுக்கும் ரத்தம் எடுத்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடப் பிறந்தவன் ஒன்றைக் கொடுத்தால் பொருத்தி வைக்கிற வைத்தியம் அங்கே வந்திருக்கிறதாம். ரத்தம் பொருந்தியது. "எனக்கு ரெண்டு இருக்குல்ல லாத்தா, ஒண்ணு உனக்கு," என்று டாக்டர் முன்னாலேயே மீரான் சொன்னான். அன்றைக்கு அவள் அழுத அழுகை சந்தோஷ அழுகை. பெயரை ஐந்தாவதாக எழுதினார்கள். முறை வந்ததும் தகவல் வரும், உடனே வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள்.

நாலாவது பெயர் சைதுன் பீவி. சிதம்பரத்துக்காரி, இடது காலை இழுத்து நடக்கிற விதவை. ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்ததில் இருபது வருஷச் சிநேகிதம் போலாகிவிட்டது. தன் வீங்கின முகத்தைக் காட்டி, "வயசான காலத்துல கன்னம் வச்சிருக்கு பாரு," என்று சிரிப்பாள். கடைசி நாள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் முந்திக் கண்ண மூடுனா நீ வந்து என்னைக் குளிப்பாட்டு. நீ முந்துனா நான் வர்றேன். வலப்பக்கத்துலேர்ந்து பதமா ஊத்துவேன். பயப்படாத."

சலீமா கார்டை மறுபடி பார்த்தாள். 'ள'வின் வால் கீழே இறங்கிச் சுழித்திருந்தது. பினாங்கில் கடை வைத்திருக்கும் அவள் புருஷனுக்கு மாதாமாதம் போகிற கடிதங்களில் அந்தச் சுழியை அவள் பார்த்திருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுவது மீரான்தான்.

வீங்கின காலை ஊன்றி எழுந்து, சுவர் மாடத்திலிருந்த அவனுடைய எழுதும் அட்டையை எடுத்தாள். அட்டைக்கடியில் எழுதாத கார்டுகள் இரண்டு. அவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு தந்தி. தந்தி என்றாலே மவுத்துச் செய்தி என்று பிரிப்பதற்கு முன்பே அழத் தொடங்குகிற வீடு இது. இது வந்த அன்றைக்கு யாரும் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"மீரான்."

அவன் வந்து நின்றான். தந்தியைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"இங்கிலீசுல இருக்கு. படி."

"லாத்தா..."

"படிடா."

"தம்பியுடன் உடனே புறப்பட்டு வரவும். இடம் இருக்கிறது." அவள் தேதியைக் கேட்டாள். சரியாக ஒரு மாதத்துக்கு முந்தின தேதி.

"நீ என்ன பதில் போட்டே?"

"வர முடியாதுன்னு. பயமாப் போச்சு லாத்தா. இவ வயித்துல புள்ளை. எனக்கு ஒண்ணு ஆயிட்டா..." அவன் சுல்தானாவைப் பார்க்க, அவள் கீரையைப் பார்த்தாள். "பேரை அடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் உன் முகத்தைப் பாக்க முடியல. இருக்கிற வரைக்கும் சந்தோஷமா இருக்கட்டுமேன்னுதான் கார்டு எழுதினேன்."

மச்சில் நாலாவது துண்டு கிழிந்தது.

இந்தத் தடவை சுல்தானாவும் நிமிர்ந்து பார்த்தாள். கொடுக்காமல் போனதைக்கூடச் சலீமா பொறுத்துக்கொள்வாள். யாருக்குத்தான் கத்திக்குப் பயமில்லை? ஆனால் மூன்று வாரமாக அவள் இரண்டு கையையும் ஏந்தித் துஆ கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் சொன்னானே. அந்த ஆமீனை அவளால் பொறுக்க முடியவில்லை.

"சைதுனுக்காவது இடம் கெடச்சுதா?"

மீரான் தொப்பியைக் கழற்றிக் கையில் மடித்தான்.

"கேக்குறேன்ல."

"அவுங்க மவுத்தாயிட்டாங்க லாத்தா. உன் தந்தி வந்த அதே வாரம். அவுங்க தங்கச்சி மகன் வந்து வாசல்ல நின்னான். தன்னைக் குளிப்பாட்ட உன்னைக் கூப்பிடச் சொல்லியிருந்தாங்களாம். நீ தாங்க மாட்டேன்னு நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

அப்படியென்றால் சைதுன் காத்திருந்திருக்கிறாள். ஊத்த வருகிற கைக்காக, கிடத்திய பலகையில், கடைசிவரை.

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கியது. வீட்டுக்குள் வெளிச்சம் மங்கி, அடுப்பில் எதுவும் ஏற்றாத சமையல்கட்டுப் பக்கமிருந்து வெந்நீர் ஆவி தரையோடு ஊர்ந்து வந்தது. இலந்தை வாசனை தொண்டையில் உறைத்தது. பாங்கு முடிந்தது. தெருவில் சைக்கிள் மணிகூட இல்லை.

டர்ர்ர்.

ஐந்து.

மச்சுக் கதவு திறந்தது. சாவி இடுப்பில் இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

மரப்படியில் ஒரு கால் வைத்த சத்தம். பிறகு ஒன்று இழுபட்ட சத்தம். ஒரு கால். ஒரு இழுப்பு. செம்பு ஒன்று கைப்பிடிக் கட்டையில் தட்டியது.

"மீரான், கையைப் பிடிடா."

அவன் பிடிக்கவில்லை. அவன் முகம் மாறியிருந்தது. மய்யித்து வீட்டில் பெரியவர்கள் வைத்துக்கொள்ளும் முகம். இறந்துபோன பெண்ணைக் குளிப்பாட்டும்போது ஆண்கள் நிற்கக்கூடாது. அது சின்ன வயதிலிருந்தே ஊறிய வழக்கம். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, சுல்தானாவைக் கையைப் பிடித்து எழுப்பி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து அறைக்கு வெளியே போனான். கதவுத் திரையை இழுத்து மூடினான். வெளியே அவன் மெதுவாக, மய்யித்துக்கு ஓதுகிற யாசீனை ஓதத் தொடங்கியது கேட்டது.

"நான் உசுரோட இருக்கேன்டா."

ஓதல் நிற்கவில்லை.

ஒரு கால். ஒரு இழுப்பு. கடைசிப் படி. ஈரத் தரை. முதுகுக்குப் பின்னால் மூச்சிரைப்பு.

கணுக்காலுக்கு மேலே ஒரு கட்டைவிரல் அழுந்தி எடுத்தது. குழி நின்றது.

பிறகு வலது தோளில் முதல் செம்புத் தண்ணீர் விழுந்தது. வெதுவெதுப்பாக. பதமாக.