ஏழாவது ஒதுங்குமிடம்

வண்டி வளைவைத் தாண்டிய பிறகுதான் ஃபின்லேக்கு உறைத்தது. எதிரே எந்த வண்டியும் வரவில்லை. அப்படியானால் யாருக்கு விரலைத் தூக்கினான்?

ஹாரிஸ் தீவின் அந்தச் சாலையில் ஒரு வண்டி போகத்தான் இடம். எதிரே யாராவது வந்தால், ஒருவர் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிடுவார். கடக்கிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்வார். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட விரலைத் தூக்காமல் போனதில்லை. இருபத்தாறு வருடம் தபால் வண்டி ஓட்டிய ஃபின்லேக்கு அது கொட்டாவி மாதிரி, அவனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

டிசம்பர் மாதம், மாலை மூன்றரை மணி. அதற்குள் வெளிச்சம் வடிந்து, மலையும் வானமும் ஒரே சாம்பலாகிவிட்டிருந்தன. ஹீட்டர் காற்றில் ஈரக் கம்பளி வாடையும், எங்கோ ஒரு வீட்டு அடுப்பில் எரியும் சதுப்புமண் கட்டியின் புகையும் கலந்து வந்தன. கண்ணாடியில் பின்னால் பார்த்தான். கல்லறைத் தோட்டத்துக்கு அடுத்த முதல் ஒதுங்குமிடம். வெள்ளைக் கம்பம். கம்பத்தருகே மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு உருவம். தலையை மூடிய கோட்டு. அதுவும் பதிலுக்கு விரலைத் தூக்கியிருந்தது.

சுண்டுவிரல்.

தீவில் சுண்டுவிரலைத் தூக்குகிறவர்கள் இரண்டே பேர். பள்ளிக்கூட பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பெரியவர்களைக் கேலி செய்ய இரண்டு வாலுப் பெண்கள் கண்டுபிடித்த வழக்கம் அது. ஒருத்தி ஃபின்லேயின் மகள் மார்சலி. கிளாஸ்கோவில் படிக்கிறாள், புத்தாண்டுக்கு வரப்போகிறாள். இன்னொருத்தி ரோரியின் மகள் இஷ்பெல். அதே கிளாஸ்கோவில் நெஞ்சுச் சளி பிடித்து, வெறும் இருமலாக ஆரம்பித்து, பத்தே நாளில் போய்விட்டாள். ஏழு வாரம் முன்பு அந்தக் கல்லறைத் தோட்டத்துக் கடலோர மணலில்தான் அவளை இறக்கினார்கள்.

யாரோ சுற்றுலாப் பயணி என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். டிசம்பர் மழையில் எந்தப் பைத்தியக்காரன் சுற்றிப் பார்க்க வருவான் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மனைவி பிரிந்து கிளாஸ்கோவுக்கே போய்விட்ட பிறகு அந்த வீட்டில் காற்றின் சத்தம்தான் துணை. அது கதவை ஆட்டும் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தால் அந்த அடக்க நாள் ஞாபகம் வந்தது.

அவன் அம்மா டோலினாவும் இஷ்பெல்லும் ஒரே வாரத்தில் இறந்தார்கள். புயலில் மூன்று நாள் படகு ஓடவில்லை. இஷ்பெல்லின் பெட்டி வந்து சேர்ந்த அன்றைக்கே இரண்டு அடக்கமும் என்று போதகர் முடிவு செய்தார். முதலில் இஷ்பெல், பிறகு டோலினா. ஊருக்குள் ஒரு பழைய பேச்சு உண்டு: கடைசியாக அடக்கமானவர், அடுத்தவர் வரும்வரை கல்லறைத் தோட்டத்து வாசலில் காவல் நிற்க வேண்டும். பகலில் எல்லோரும் சிரிக்கிற பேச்சுதான். ஆனால் அம்மா சாகும்போது சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"என்னைய அந்த வாசல்ல நிக்க வச்சிராதடா. குளிர் எனக்கு ஆகாது."

அடக்கத்தன்று வழியில் ஒரு மீன் லாரி எதிரே வந்தது. முன்னால் போன இஷ்பெல்லின் சவ வண்டி, மரியாதையாக ஒதுங்குமிடத்தில் ஒதுங்கியது. லாரி போனதும் பின்னால் அம்மாவின் சவ வண்டியில் இருந்த ஃபின்லே டிரைவரின் தோளைத் தட்டினான்.

"போ. முன்னால போ."

"முறையில்லைய்யா."

"போன்னு சொல்றேன்ல!"

ஒதுங்கி நின்றவளைத் தாண்டிப் போய், அவர்கள் முதலில் வாசலுக்குள் நுழைந்தார்கள். பெட்டியை இறக்கும் கயிறுகளில், தலைமாட்டுக் கயிறு நெருங்கிய சொந்தத்துக்கு. 'ஒன்று' என்று எண் போட்ட வெள்ளை அட்டையை அவனிடம் கொடுத்தார்கள். அன்று போட்ட கறுப்புக் கோட்டில் மூன்றாவது பொத்தான் அறுந்துபோக, கையில் கிடைத்த பழுப்புப் பொத்தானை அவனே தைத்திருந்தான். அந்தக் கோணல் பொத்தானை வெறித்தபடிதான் கயிற்றை விட்டான். அம்மா உள்ளே போனாள். இஷ்பெல் கடைசி ஆளானாள். ரோரி அதற்குப் பிறகு சாலையில் அவனுக்கு விரலைத் தூக்குவதில்லை.

மஞ்சள் கோட்டை முதலில் பார்த்ததற்கு மறுநாள் அவள் இரண்டாவது ஒதுங்குமிடத்தில் நின்றாள். அதற்கு மறுநாள் மூன்றாவதில். கல்லறைத் தோட்டத்துக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஏழு ஒதுங்குமிடங்கள்; ஏழாவது அவன் வீட்டு வாசல். வேண்டாம் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பான், கம்பம் நெருங்கும்போது விரல் தானாக எழும். அவளுடையதும் எழும்.

காவல் மாற ஆள் வேண்டும். அவள் வருவது அவனைத் தேடித்தான். வேறு யாரைத் தேடி வருவாள்?

ஐந்தாம் நாள் முர்டோ கிழவரைப் பார்க்கப் போனான். தொண்ணூற்று நான்கு வயது. டாக்டர் நாள் குறித்து மூன்று வாரம் ஆயிற்று. கடிதம் கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தால், கிழவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து உப்பு ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடா, இன்னிக்கும் ஏமாத்திட்டேனா?"

"அப்படியெல்லாம் இல்ல மாமா."

"ஊரே கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டு வச்சிருக்காமே. நானும் போகத்தான்டா பாக்குறேன், பசி விட மாட்டேங்குது." மீன் முள்ளைத் தட்டின் ஓரம் வைத்தார். சிரிப்பு போய்விட்டது. "உங்கம்மாவுக்கு எண்பத்தொம்பது. கொஞ்ச நாள் நின்னா என்னடா ஆயிருக்கும்? அந்தப் புள்ளைக்குப் பதினெட்டு."

ஃபின்லே தட்டில் மீதி இருந்த மீனைப் பார்த்தான். அது கிழவர் தொண்டையில் சிக்கிக்கொள்ளக் கூடாதா என்று நினைத்தான். நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஆறாம் நாள் வண்டியை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கியதும் ஈர மணல் வாடை உள்ளே வந்தது. கடல் அங்கிருந்து நான்கு மைல். கோட்டின் தலைமறைப்புக்குள் முகம் தெரியவில்லை. அதன் நுனியிலிருந்து மணல் மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"இஷ்பெல்... தப்புதாம்மா. நான் பண்ணினது தப்புதான்." குரலைத் தாழ்த்தினான். "உனக்கு ஒரு ஆள் வந்தா போதும்ல? யாரை வேணாலும் கூட்டிக்கோ. என்னை விட்டுடு."

காற்று சட்டென்று நின்றது. சுண்டுவிரல் மெல்ல மேலே எழுந்தது. அந்தத் தீவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வழிவிட்டதற்கு நன்றி.

ஆறு நாளில் அன்றைக்குத்தான் அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

ஏழாம் நாள் படகுத்துறையில் மார்சலி மூட்டையோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"என்னப்பா, மூஞ்சி செத்த மீன் மாதிரி இருக்கு? ஒழுங்கா சாப்பிடறீங்களா, இல்ல டீயைக் குடிச்சே வயித்தை ரொப்பறீங்களா?"

அவன் சிரித்தான். சிரிக்க முடிந்ததே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தைக் கடந்தார்கள். முதல் ஒதுங்குமிடம் காலி. இரண்டாவது காலி. மார்சலி கல்லூரிக் கதைகளைக் கொட்டிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது காலி. நடுவில் இருமினாள்.

"என்னம்மா இருமல்?"

"ரயில்ல ஒரே குளிர்ப்பா. ரெண்டு நாளா இருக்கு. ஒண்ணுமில்ல."

ஆறாவதும் காலி. வீட்டு விளக்கு தெரிந்தது. அப்போதுதான் எதிரே ஒரு வெளிச்சம் வந்தது. தாழ்வாக, மனிதன் நடக்கிற வேகத்தில். அவன் கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்து, ஏழாவது ஒதுங்குமிடத்தில் நிறுத்தியது.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க? வீடு வந்துருச்சே."

"வண்டி வருது."

"எங்க? ரோட்டுல ஒண்ணுமே இல்லயே."

முன்னால் ஒருவர் விளக்கு பிடித்து வந்தார். பின்னால் இரண்டு வரிசையாக ஆண்கள், நடுவில் பெட்டி. நடந்தார்கள், காலடிச் சத்தம் இல்லை. எல்லாம் தெரிந்த முகங்கள். ரோரி இருந்தான். முர்டோ கிழவர்கூட ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

அம்மா சொல்லியிருக்கிறாள்: இனிமேல் நடக்கப்போகிற அடக்கம் சில சமயம் முன்கூட்டியே சாலையில் வரும். ஒதுங்கி நில். தலைமாட்டில் யார் வருகிறார் என்று பார். பெட்டிக்குள் யார் என்பது தெரிந்துவிடும்.

தலைமாட்டில் மார்சலி இருப்பாள் என்று நினைத்தான். அப்படியானால் பெட்டியில் அவன். பார்க்க மனமில்லாமல் பார்த்தான்.

கறுப்புக் கோட்டு. மூன்றாவது பொத்தான் பழுப்பு. கையில் வெள்ளை அட்டை.

அவனேதான். முகம் வீங்கி, வாய் கோணி, அழுதுகொண்டு போனான்.

"இல்ல," என்றான் ஃபின்லே. "நான்... நான் அதைச் சொல்லல..."

பெட்டி அவன் கண்ணாடியை உரசுகிற மாதிரி போனது. பின்னால் இருட்டு. வண்டிக்குள் ஈர மணல் வாடை.

இடது பக்கம் பார்த்தான். மகளின் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் கம்பம். கம்பத்தருகே மஞ்சள் கோட்டு. அவன் விரலைத் தூக்கினான். கெஞ்சுகிற மாதிரி. அவள் அவனுக்குப் பதில் தரவில்லை. அவனைப் பார்க்கவே இல்லை. தலைமறைப்பு மார்சலியின் பக்கம் குனிந்திருந்தது.

"மார்சலி, அந்தப் பக்கம் பாக்காத."

மார்சலி ஏற்கெனவே திரும்பிவிட்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் அவள் மூச்சு ஆவியாகப் படர்ந்திருந்தது. முகத்தில் சின்னச் சிரிப்பு, ரொம்ப நாள் கழித்துக் கூட்டாளியைப் பார்த்த சிரிப்பு. அவளுடைய சுண்டுவிரல் மேலே எழுந்திருந்தது.