சம்மந்திக்குத் தனிச் சொதி

"ஐயோ...! கொன்னுட்டாளே...!"

பிணம் அலறியது.

மன்னிக்கவும். அது இன்னும் பிணமாகவில்லை. க்ரைம் கதை எழுதுகிறவனுக்கு முதல் வரியிலேயே ஒரு பிணம் வேண்டும் என்கிற அவசரம்! என் கதையைத் திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கி, கோவில்பட்டி வருவதற்குள் முடித்து, சீட்டிலேயே போட்டுவிட்டு இறங்குகிறவர் நீங்கள். உங்களைக் காக்க வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அலறியவர் பரமசிவன். மாப்பிள்ளையின் அப்பா.

இடம், வண்ணார்பேட்டையில் பெண் வீடு. வருஷம் 1994. நேற்றுக் கல்யாணம். இன்று மறுவீட்டுச் சாப்பாடு, தேங்காய்ப்பால் குழம்பான சொதியோடு. இலையை மடித்துவிட்டு, சாவகாசமாய் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மனுஷர், திடீரென்று வலது விலாவைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டார்.

"சொதியில என்னமோ கலந்திருக்கு...! விஷம்...!"

சமைத்தவள் பெண்ணின் அம்மா பாக்கியவதி. கணவனை இழந்தவள். ஒரே மகள் செல்வமணியை ஒற்றை ஆளாய் வளர்த்துக் கரையேற்றியவள். அவள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

பரமசிவனின் மனைவி முப்பிடாதி மகனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏலே, கெளம்புலே! விஷம் வைக்கிற வீட்டுல நமக்கென்ன சம்மந்தம்? அந்தப் புள்ள இங்கனயே கெடக்கட்டும்!"

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தான். புதுப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

பிறகு செருப்பைத் தேடினான்.

பாளையங்கோட்டை. ஆஸ்பத்திரி வாசல்.

முப்பிடாதி கொடுத்த புகாரின் பேரில் வந்த சப்-இன்ஸ்பெக்டர் ஐயம்பெருமாள் ஜீப்பிலிருந்து குதித்தார். கால் தடுக்கியது. என் கதையில் போலீஸ் இப்படித்தான். உயரமாய், கூர்மையான கண்களோடு இருக்கும் துப்பறிவாளர்களையெல்லாம் பெரிய எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் கிடந்தவர் இவர். சைக்கிள் திருட்டாகவே பார்த்துச் சலித்தவருக்கு இதுதான் முதல் கொலைக் கேஸ்!

"யாரும்மா சமைச்சது?"

"நாந்தான் சார்," என்றாள் பாக்கியவதி.

"பந்தியில எல்லாரும் அதைத்தான சாப்பிட்டாங்க? மத்தவங்க நல்லாத்தான இருக்காங்க?"

"ஆமா சார்."

"அப்ப இவருக்கு மட்டும் எப்படி...?"

பாக்கியவதி தயங்கினாள்.

"அவுகளுக்கு மட்டும்... தனியா ஊத்துனேன் சார்."

"என்னது?!"

ஐயம்பெருமாளின் மீசை துடித்தது.

"சம்மந்தியில்லா சார்! எல்லாருக்கும் ஊத்துத மாதிரி அவுகளுக்கும் ஊத்துனா மரியாதையாவா இருக்கும்? தேங்காயில மொதப் பாலைக் கெட்டியா பிழிஞ்சு, தனிச் சட்டியில வச்சிருந்தேன்."

"சட்டி எங்க?"

"அவுக சாப்பிட்டு எந்திச்சதுமே கழுவிக் கவுத்திட்டேன்."

தனிச் சட்டி...! அதுவும் கழுவிய சட்டி...! ஐயம்பெருமாளுக்கு ப்ரமோஷன் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஜீப்புல ஏறும்மா!"

செல்வமணி ஓடிவந்து குறுக்கே நின்றாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

"சார்... நான் வாழாட்டாலும் போகுது சார். எங்கம்மையை விட்டுருங்க!"

எழுதுகிற எனக்கே பேனா நின்றுவிட்டது. பாக்கியவதியைக் காப்பாற்ற என்னிடம் ஒரு யோசனையும் இல்லை. பக்கமோ தீர்ந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக டாக்டர் வெளியே வந்தார்.

டாக்டர் ஹமீது பீவி. மேலப்பாளையத்துக்காரர்.

"யாரையும் ஏத்தாதீங்க சார். நீங்க மட்டும் உள்ள வாங்க."

உள்ளே, பச்சைத் திரைக்குப் பின்னால், கட்டிலில் பரமசிவன் முனகிக்கொண்டிருந்தார்.

"மரண வாக்குமூலம் வாங்கணும் டாக்டர்! சீக்கிரம்!"

"அவசரப்படாதீங்க. இவரு இப்பப் போக மாட்டாரு."

டாக்டர் வலது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தினார்.

"மூச்சை இழுங்க அண்ணாச்சி."

"ஆ...!"

"வலி முதுகுக்கும் போகுதா?"

"போகுதும்மா..."

"விஷம் இல்ல சார். பித்தப்பையில கல்லு. கொழுப்பு உள்ள போனா அந்தப் பை சுருங்கும். இன்னைக்குத் தேங்காப்பால் போகவும் கல்லு வாசல்ல வந்து அடைச்சுக்கிட்டு. ஆபரேஷன் பண்ணிப் பையையே எடுத்திரணும்."

ஐயம்பெருமாளின் முகம் தொங்கிப்போனது.

"கொஞ்சமாவது விஷம்...?"

"ஒரு சொட்டு கிடையாது."

"பாவம், அவருக்கும் தெரிஞ்சிருக்காது..."

"தெரியாதா? போன மாசமே ஸ்கேன் எடுத்து நாந்தான சொன்னேன்! நெய், ஆட்டுக்கறி, தேங்காப்பால் எதையும் தொடாதீங்கன்னு! எத்தன கரண்டி அண்ணாச்சி குடிச்சீங்க?"

பரமசிவன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"எண்ணலம்மா..."

ஐயம்பெருமாளுக்கு ரத்தம் ஏறியது.

"ஏன்வே! தெரிஞ்சே குடிச்சுட்டு விஷம்னா சொன்னீரு?"

"பைய பேசுங்க சார்! எம் பெஞ்சாதி வெளிய நிக்கா! கல்லு இருக்குன்னு தெரிஞ்சா, மகன் கல்யாணத்துலயும் எனக்குக் கஞ்சிதான் ஊத்துவா. அதான் மறைச்சேன். வலி வந்ததும் என்ன ஏதுன்னு கேட்பாளேன்னு... பயத்துல வாயில விஷம்னு வந்துட்டு."

"அதுக்கு அந்தம்மா ஜெயிலுக்குப் போகணுமா?"

"ஆபரேஷன் முடியுத வரைக்கும் மட்டும் விஷம்னே இருக்கட்டும் சார்...!"

திரை சரக்கென்று விலகியது.

முப்பிடாதி!

அவளுக்குப் பின்னால் பாக்கியவதியும் செல்வமணியும். பாக்கியவதிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களுக்கு மட்டும் ரசம் வச்சுத் தந்திருப்பனே அண்ணாச்சி...! என் புள்ள வாழ்க்கையில்லா போயிருக்கும்!"

முப்பிடாதி பாக்கியவதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, என்னை மன்னிச்சிருங்க. யோசிக்காம வாய விட்டுட்டேன். என் மருமவ இன்னைக்கே எங்கூட நம்ம வீட்டுக்கு வருதா."

செல்வமணி அம்மாவின் தோளில் சாய்ந்து விம்மினாள். முப்பிடாதி ஐயம்பெருமாளிடம் திரும்பினாள்.

"சார், புகார வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

"ரொம்ப நல்லதும்மா!"

அவள் கட்டிலைப் பார்த்தாள். பரமசிவன் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்..."

"கேளுங்கம்மா."

"நீங்க தேடுனீங்கள்லா ஒரு விஷம்... அது எங்கன கிடைக்கும்?"